கணினி ‘இயலாது’ என்று சொல்லும்போது



கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் மலைநாட்டுப் புகையிரதப் பாதையிலே, வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் றொசல்ல என்று ஒரு சிறு நிலையம் உண்டு. தேயிலை மலைகளின் நடுவே வளைந்து வளைந்து ஏறும் அப்பாதை ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகள் ஒரே துண்டுப் பாதையில் புகுந்துவிடாதிருக்க, நெடுங்காலமாக அங்கே ஓர் ஏற்பாடு வழங்கி வந்துள்ளது. ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் வரையுள்ள துண்டுக்கே உரிய டேப்லட் என்னும் உலோக வில்லை சாரதியின் கைக்கு வரவேண்டும். வந்தாலன்றி அவர் வண்டியை நகர்த்த மாட்டார். இரு நிலையங்களிலுமுள்ள கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு வில்லை வெளியே இருக்கும்போது மற்றொன்றை எடுக்க முடியாது. வண்டியின் இயந்திரத்திலே பழுதில்லை, எரிபொருளுக்குக் குறைவில்லை, பாதையும் செவ்வையாக இருக்கின்றது. ஆயினும் வில்லை இல்லையென்றால் பயணம் இல்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கணினியைப் பற்றியது. கணினியிலும் இத்தகைய நிறுத்தம் ஒன்று ஏற்படுகின்றது. இயந்திரம் நன்றாகவே இருக்கும், இடமும் இருக்கும், ஆயினும் புதிய பணிசெயல் முறைமையை நிறுவப் புகும்போது, ‘இக்கணினியில் இது இயங்காது’ என்று ஒற்றை வரியிலே பதில் வரும். தோட்டப் பாடசாலைகளிலே தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவரும், ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற நகரங்களிலே கணினி திருத்தும் தொழிலைக் கற்கும் இளைஞரும் இவ்வரியைக் கண்டு மனந்தளர்ந்து திரும்புவதுண்டு. அவ்வரியின் பொருள் என்ன, அதன் காரணத்தை எவ்வாறு அறிவது, அறிந்தபின் என்ன செய்வது என்னும் மூன்றையும் முறையாகக் காண்போம்.

முதலில் மெய்நிகர் கணினி என்பது யாதெனக் காண்போம். ஒரு கணினியின் உள்ளே, மென்பொருளின் துணையால் இன்னொரு கணினியை உருவாக்கி வைப்பதே மெய்நிகர் கணினி. மேசைமேல் இருக்கும் உண்மைக் கணினியை நாம் வெளிக்கணினி என்போம். அதனுள்ளே தோன்றும் மற்றதை உட்கணினி என்போம். உட்கணினிக்கும் புரோசசர் உண்டு, நினைவகம் உண்டு, வன்தட்டு உண்டு. ஆனால் அவை யாவும் வெளிக்கணினி தன் பங்கிலிருந்து பிரித்துக் கொடுத்தவை. உட்கணினியின் வன்தட்டு என்பது, வெளிக்கணினியின் வன்தட்டிலே கிடக்கும் ஒரு பெரிய கோப்பு மாத்திரமே.

இது நேற்று முளைத்த கருத்தன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள தமது ஆய்வுக்கூடத்தில் 1960களிலேயே இதனைச் செய்து பார்த்தனர். 1972ஆம் ஆண்டில் வி.எம்./370 என்ற பெயருடன் அது சந்தைக்கு வந்தது. அந்நாளில் ஓர் அறையை நிறைத்து நின்ற ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்ள அது வழிசெய்தது. 1999ஆம் ஆண்டில் வி.எம்.வெயார் நிறுவனம் சாதாரண மேசைக் கணினியிலும் இதனைச் செய்து காட்டியது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இன்ரெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் இவ்வேலைக்கென்றே தனித் திறனைத் தம் புரோசசர்களில் அமைத்தன. இன்று வேர்ச்சுவல் பொக்ஸ் போன்ற மென்பொருளை விலையின்றியே பெறலாம்.

மலையகத்து மாணவனுக்கு இதனால் விளையும் நன்மை என்ன? ஒரு பாடசாலையில் நல்ல நிலையில் ஒரே ஒரு கணினி இருக்கின்றதென்று கொள்வோம். அதிலேதான் புள்ளிப் பதிவேடும், வரவு இடாப்பும், அதிபரின் கடிதங்களும் இருக்கின்றன. பணிசெயல் முறைமையை நிறுவும் பயிற்சியை அதன்மேல் நேரடியாகச் செய்தால், வன்தட்டைப் பிரிக்கும் கட்டத்தில் ஒரு விசை தவறினாற் போதும், அத்தனையும் அழிந்துவிடும். உட்கணினியிலோ மாணவன் நூறு முறை பிழைவிட்டாலும் அழிவது ஒரு கோப்பு மாத்திரமே. அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். பிழைவிடுவதற்கு அஞ்சாமல் கற்க ஓர் இடம் கிடைப்பது பெரிய செல்வம். அச்செல்வத்தின் வாயிலிலேதான் இந்த ‘இயங்காது’ என்னும் பலகை தொங்குகின்றது.

இனி அப்பலகை தொங்குவதன் காரணத்தைக் காண்போம்.

விண்டோஸ் 11 என்னும் பணிசெயல் முறைமை 2021ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி வெளிவந்தது. அதற்கு முந்திய விண்டோஸ் 10 கேட்காத சிலவற்றை அது கேட்டது. 4 கிகாபைட் நினைவகம், 64 கிகாபைட் வன்தட்டு, இரண்டு உட்கருக்களேனும் உடைய 64 பிற் புரோசசர் ஆகியன முதலாவது வகை. இவை அளவு சார்ந்தவை. இரண்டாவது வகை பாதுகாப்பைச் சார்ந்தது. பழைய பயோஸ் முறைக்குப் பதிலாக யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் தொடக்க முறை வேண்டும், அதிலே செக்கியூர் பூட் என்னும் காப்புத் தொடக்கத்துக்கு வசதி வேண்டும், டி.பி.எம். எனப்படும் பாதுகாப்புச் சிப்பின் 2.0 பதிப்பு வேண்டும். அளவு குறைந்தால் கூட்டிக் கொடுக்கலாம் என்பது யாருக்கும் தோன்றும். பாதுகாப்புச் சிப் இல்லையென்றால் என்ன செய்வது என்பதிலேதான் பலர் திகைக்கின்றனர்.

இவற்றுள் செக்கியூர் பூட்டும் பாதுகாப்புச் சிப்பும் ஒன்றென்று எண்ணுவோர் பலர். அவை ஒன்றல்ல. செக்கியூர் பூட் என்பது நாம் முன்னே சொன்ன டேப்லட் முறையைப் போன்றது. கணினி விழித்தெழும்போது ஒரு நிரல் அடுத்த நிரலை எழுப்பும். அது அதற்கடுத்ததை எழுப்பும். ஒவ்வொரு கட்டத்திலும், ‘நீ உரியவனுடைய கையொப்பம் பெற்றவனா?’ என்று கேட்டு, ஆம் என்றால் மாத்திரமே வழிவிடுவது செக்கியூர் பூட். பணிசெயல் முறைமை எழுவதற்கு முன்னரே உட்புகுந்து ஒளிந்துகொள்ளும் தீநிரல்களைத் தடுப்பது அதன் நோக்கம்.

பாதுகாப்புச் சிப்போ எவரையும் தடுப்பதில்லை. அது நிலைய அதிபரின் பூட்டிய பெட்டகத்தைப் போன்றது. கணினி எழும்போது இன்ன இன்ன நிரல்கள் இன்ன வரிசையில் எழுந்தன என்பதன் அளவைகளைத் தன்னுள்ளே குறித்து வைத்துக்கொள்ளும். இரகசியத் திறவுகோல்களையும் தன்னுள்ளே வைத்திருக்கும். குறிப்பு வழக்கம்போல் இருந்தால் திறவுகோலைக் கொடுக்கும், மாறியிருந்தால் கொடாது. வன்தட்டு முழுவதையும் மறைகுறியாக மாற்றிக் காக்கும் பிட்லொக்கர் என்னும் பூட்டு, தன் திறவுகோலை இங்கேதான் ஒப்படைக்கின்றது. மடிக்கணினியொன்று களவு போனாலும், வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டுபவனுக்கு அதிலுள்ளவை கிடைக்கா. 2003ஆம் ஆண்டில் அமைந்த டிரஸ்டட் கம்பியூட்டிங் குறூப் என்னும் கூட்டமைப்பு இச்சிப்புக்கான நியமத்தை வளர்த்தது. 2009ஆம் ஆண்டில் அது அனைத்துலக நியமமாயிற்று. 2.0 பதிப்பு 2015ஆம் ஆண்டில் அவ்வாறே ஏற்கப்பட்டது.

இப்பொழுது கேள்வி இதுதான். உட்கணினி என்பது மென்பொருளால் ஆனது. அதற்குள்ளே ஒரு சிப்பை எவ்வாறு பொருத்துவது? விடை எளியது. உட்கணினியின் புரோசசரும் வன்தட்டும் எவ்வாறு மென்பொருளால் ஆக்கப்பட்டனவோ, அவ்வாறே அதன் பாதுகாப்புச் சிப்பையும் மென்பொருளாலேயே ஆக்கலாம். வெளிக்கணினியில் உண்மைச் சிப் இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. இதனை அறியாமல், ‘என்னுடையது பழைய கணினி, அதிலே சிப் இல்லை, ஆகவே உட்கணினியிலும் முடியாது’ என்று கைவிடுவோர் வீணாகக் கைவிடுகின்றனர்.

நேயர்களே, மருத்துவர் நாடி பார்த்த பின்னரே மருந்து கொடுப்பார். அவ்வாறே நாமும் முதலில் காரணத்தை அறியவேண்டும். ‘இயங்காது’ என்ற அறிவித்தல் ஒன்றே; அதன் பின்னுள்ள காரணங்களோ பல. அறிவித்தல் தோன்றும் அதே திரையில் ஷிப்ட் விசையுடன் எஃப் 10 விசையை அழுத்தினால், கறுப்புநிறக் கட்டளைச் சாளரம் ஒன்று திறக்கும். நிறுவும் நிரல் தான் செய்தவற்றையும் தடைப்பட்டவற்றையும் பாந்தர் என்ற கோப்புறையிலே வரிவரியாக எழுதி வைத்திருக்கும். அதனைத் திறந்து, எந்தச் சோதனை தவறியது என்று பார்க்கலாம். ஊகித்து ஊகித்து ஒரு நாள் முழுவதையும் செலவிடுவதிலும், இதனைப் படிக்கப் பத்து நிமிடம் செலவிடுவது மேல்.

பதிவேட்டைப் படிக்க இயலாதபோது, கீழ்வரும் வரிசையிலே சோதித்து வருக.

முதலாவது, நிறுவற் கோப்பு முழுமையானதா என்று பாருங்கள். விண்டோஸ் 11இன் நிறுவற் கோப்பு 5 கிகாபைட்டுக்கும் மேற்பட்டது. இணையத் தொடர்பு அடிக்கடி அறுந்துபோகும் தோட்டப் பகுதிகளில் அது இறங்கி முடிவதற்குள் இடையிலே முறிந்துவிடலாம். முறிந்த கோப்பினால் விளையும் பிழையைச் சிப்பின் பிழையென்று மயங்குவோர் உளர். மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தன் தரவிறக்கப் பக்கத்திலே ஒவ்வொரு கோப்புக்கும் உரிய சரிபார்ப்புத் தொகையை வெளியிடுகின்றது. உங்கள் கோப்பின் தொகையைக் கணித்து அதனுடன் ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அக்கோப்பு ஆகாது.

இரண்டாவது, வெளிக்கணினியின் புரோசசரில் மெய்நிகராக்கத் திறன் திறந்திருக்கின்றதா என்று பாருங்கள். திறன் இருந்தும், தொடக்க அமைப்புகளில் அது மூடப்பட்டிருப்பது மிகச் சாதாரணம். கணினியை மறுபடி தொடக்கி, அவ்வமைப்புகளுக்குள் நுழைந்து, இன்ரெல் என்றால் வி.டி.-எக்ஸ் என்பதையும், ஏ.எம்.டி. என்றால் எஸ்.வி.எம். அல்லது ஏ.எம்.டி.-வி என்பதையும் திறந்துவிடுங்கள். வெளிக்கணினியில் ஹைப்பர்-வி ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தால், வேர்ச்சுவல் பொக்ஸ் அதன்மேல் மெதுவாகவே நகரும். அவ்வேளையில் சாளரத்தின் கீழே பச்சை ஆமையின் சின்னம் ஒன்று தோன்றும். ஆமையைக் கண்டால் காரணம் இதுவென்று தெளிக.

மூன்றாவது, உட்கணினிக்குக் கொடுத்த பங்கைப் பாருங்கள். நினைவகம் 4 கிகாபைட்டுக்குக் குறையக்கூடாது. வெளிக்கணினியிடமே 4 கிகாபைட் மாத்திரம் இருந்தால் அதனை உள்ளே கொடுத்துவிட்டு அது எவ்வாறு உயிர்வாழும்? ஆகவே வெளிக்கணினிக்கு 8 கிகாபைட் இருப்பது நன்று. புரோசசர் உட்கருக்கள் இரண்டு கொடுக்க வேண்டும். வன்தட்டு 64 கிகாபைட் என்று குறிக்கவேண்டும், ஆனால் அஞ்சவேண்டா. வளரும் வகைக் கோப்பாக அமைத்தால், எழுதப்பட்ட அளவுக்கே அது உண்மையில் இடம் பிடிக்கும்.

நான்காவது, தொடக்க முறை யூ.ஈ.எஃப்.ஐ. ஆக இருக்கின்றதா என்று பாருங்கள். பழைய பயோஸ் முறையில் அமைந்த உட்கணினியில் செக்கியூர் பூட்டுக்கு இடமே இல்லை. இங்கே ஓர் எச்சரிக்கை. முன்னரே பயோஸ் முறையில் விண்டோஸ் நிறுவப்பட்ட உட்கணினியை, இடையிலே யூ.ஈ.எஃப்.ஐ. முறைக்கு மாற்றினால் அது எழாது. வன்தட்டின் பிரிவு அட்டவணை பழைய வகையினதாக இருப்பதே காரணம். அட்டவணையை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். அல்லது புதிய உட்கணினியையே அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவதாகவே பாதுகாப்புச் சிப்புக்கு வருகின்றோம். அதனை ஒவ்வொரு மென்பொருளிலும் வெவ்வேறு விதமாகப் பொருத்துவர்.

வேர்ச்சுவல் பொக்ஸ் மென்பொருளில் 2022ஆம் ஆண்டு ஒக்டோபரில் வந்த 7.0 பதிப்பிலிருந்தே மெய்நிகர்ச் சிப்பும் செக்கியூர் பூட்டும் கிடைக்கின்றன. அதற்கு முந்திய பதிப்பை வைத்துக்கொண்டு தேடினால் அகப்படா. முதலில் மென்பொருளைப் புதுப்பியுங்கள். பின்னர் உட்கணினியை அமைக்கும்போது அதன் வகையை விண்டோஸ் 11 என்றே தெரிவுசெய்யுங்கள். வேண்டியவை தாமே பொருந்திவிடும். விண்டோஸ் 10 என்றோ வேறொன்றென்றோ தெரிவுசெய்திருந்தால், அமைப்புகளில் டி.பி.எம். என்னும் இடத்திலே 2.0 என்பதை நீங்களே குறிக்கவேண்டும்.

ஹைப்பர்-வி மென்பொருளில் முதலாந் தலைமுறை, இரண்டாந் தலைமுறை என இருவகை உட்கணினிகள் உண்டு. மெய்நிகர்ச் சிப் இரண்டாந் தலைமுறைக்கே உரியது. தலைமுறையை ஆரம்பத்தில் தெரிவுசெய்தபின் மாற்ற இயலாது. முதலாந் தலைமுறையில் அமைத்துவிட்டு அமைப்புகளெங்கும் சிப்பைத் தேடுவது, பதுளை வண்டியில் ஏறிவிட்டு யாழ்ப்பாணம் எப்பொழுது வரும் என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

வி.எம்.வெயார் வேர்க்ஸ்டேசன் 2024ஆம் ஆண்டு முதல் எல்லோருக்கும் விலையின்றிக் கிடைக்கின்றது. அதிலே சிப்பைச் சேர்க்குமுன் உட்கணினியை மறைகுறியாக்கம் செய்து, ஒரு கடவுச்சொல்லையும் இடவேண்டும். அக்கடவுச்சொல்லை மறந்தால் உட்கணினி மீளாது. அதனை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

லினக்ஸ் வெளிக்கணினியில் கே.வி.எம். வழியாகச் செய்வோர், எஸ்.டபிள்யூ.டி.பி.எம். என்னும் சிறு மென்பொருளை முதலில் நிறுவவேண்டும். அதுவே மெய்நிகர்ச் சிப்பாக நின்று பணிபுரியும். யூ.ஈ.எஃப்.ஐ. முறையையும் உட்கணினியை அமைக்கும் வேளையிலேயே தெரிவுசெய்துவிட வேண்டும். இங்கே புரோசசரின் வகையையும் கவனிக்கவேண்டும். பழங்காலத்துப் பொது வகையைத் தெரிவுசெய்தால், வெளிக்கணினியின் உண்மைப் புரோசசருக்கு உள்ள சில ஆணைகள் உட்கணினிக்குத் தெரியாமல் மறைக்கப்படும். 2024ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு அவ்வாணைகளுள் சிலவற்றை இன்றியமையாதனவாகக் கொள்கின்றது. அவை கிடையாதபோது அது எழும்பவே மாட்டாது. வெளிக்கணினியின் புரோசசரை உள்ளபடியே காட்டு என்று பணித்தால் அத்தடை நீங்கும்.

ஆறாவது ஒன்று உண்டு. அது மிகச் சிறியது. ஆனால் மிகப் பலரை ஏமாற்றுவது. யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் உட்கணினி எழும்போது, ‘இறுவட்டிலிருந்து தொடங்க ஏதேனும் ஒரு விசையை அழுத்துக’ என்ற வரி சில விநாடிகளே தோன்றி மறையும். சாளரத்தினுள்ளே சுட்டியைச் சொடுக்கி அவ்விநாடிகளுக்குள் விசையை அழுத்தாவிட்டால், நிறுவல் தொடங்காது. வலையமைப்பைத் தேடி ஏமாந்து, புரியாத திரையொன்றில் போய் நிற்கும். இதனைக் கண்டு எல்லா அமைப்புகளையும் கலைத்துப் போட்டவர் பலர். செய்யவேண்டியது, மறுபடி தொடக்கி உரிய வேளையில் ஒரு விசையைத் தட்டுவது மாத்திரமே.

இவ்வளவும் செய்தபின் நிறுவல் நடைபெறும். நிறைவேறியதும் ஒரு நிலைப்படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்னப்சொட் எனப்படும் அதனைக் கொண்டு, பின்னர் எதனைக் குழப்பினாலும் அந்நிலைக்கே திரும்பலாம். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில், நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. வட்டவளைப் பகுதியிலே தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில், மரக்கிளையொன்று கம்பியில் விழுந்தாலும் மின்சாரம் போய்விடும். நிறுவலின் நடுவே மின்சாரம் நின்றால் வன்தட்டுக் கோப்பு சிதையக்கூடும். மின்கலமுள்ள மடிக்கணினி இதற்கு ஏற்றது.

இனி ஒரு முக்கியமான எச்சரிக்கை. மெய்நிகர்ச் சிப் தன் இரகசியங்களைத் தனியொரு கோப்பில் வைத்திருக்கின்றது. ஒரு மாணவன் தன் உட்கணினியை நண்பனின் கணினிக்குக் கொண்டுபோக எண்ணி, வன்தட்டுக் கோப்பை மாத்திரம் படியெடுத்துச் செல்கின்றான் என்று கொள்வோம். அங்கே புதிய உட்கணினியில் அதனை மாட்டுகின்றான். அந்தப் புதிய உட்கணினியின் சிப்புக்குப் பழைய திறவுகோல் தெரியாது. பிட்லொக்கர் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலைக் கேட்டு நிற்கும். 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசொஃப்ட் கணக்குடன் புதிதாக நிறுவும் கணினிகளில் இப்பூட்டு தானாகவே விழுவதும் உண்டு. தான் பூட்டியதையே அறியாதவன் திறவுகோலை எங்கே தேடுவான்? ஆகவே படியெடுக்கும்போது உட்கணினியின் கோப்புறை முழுவதையும் படியெடுங்கள். மீட்புத் திறவுகோலைத் தாளிலே எழுதி வையுங்கள். உண்மைக் கணினிக்கும் இது பொருந்தும். ஓராண்டு உழைப்பை இழப்பதற்கு ஒரு தாள் இல்லாமையே காரணமாகிவிடக் கூடாது.

சிப்பைப் பொருத்தாமலே, சோதனையைத் தவிர்க்குமாறு நிறுவும் நிரலை ஏய்க்கும் வழியும் உண்டென்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். விண்டோஸின் பதிவகத்திலே சில குறிப்புகளை எழுதினால் சோதனை கண்ணை மூடிக்கொள்ளும். ஆனால் அதன் விலையை அறிந்தே அதனைக் கொள்ளவேண்டும். தகுதியில்லாத கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று தான் உறுதி கூறவில்லை என்பது மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் நிலைப்பாடு. திருத்தம் பெறாத கணினிக்கு நேர்வது என்ன என்பதை 2017ஆம் ஆண்டு மே மாதத்திலே உலகம் கண்டது. வனாகிறை என்னும் தீநிரல் சுமார் 150 நாடுகளிலே 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பிடித்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணயம் கேட்டது. அதற்குரிய திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே மார்ச்சில் வெளிவந்துவிட்டது. அதனைப் பெறாது விட்ட கணினிகளே பெரும்பாலும் அகப்பட்டன. ஆகவே ஏய்க்கும் வழி, அழித்துவிடப் போகும் பயிற்சி உட்கணினிக்கு மாத்திரமே தகும். வங்கிக் கணக்கையோ, பாடசாலைப் பதிவேட்டையோ வைக்கும் கணினிக்கு அது தகாது. மெய்நிகர்ச் சிப்பை முறையாகப் பொருத்த வழி இருக்கும்போது ஏய்க்கவேண்டிய தேவையும் இல்லை.

அதேவேளையில், மெய்நிகர்ச் சிப் உண்மைச் சிப்புக்கு ஈடாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். உண்மைச் சிப்பின் இரகசியம் சிலிக்கனுக்குள்ளே கிடக்கின்றது. மெய்நிகர்ச் சிப்பின் இரகசியம் வெளிக்கணினியின் வன்தட்டிலே கோப்பாகக் கிடக்கின்றது. வெளிக்கணினி காக்கப்பட்டிருந்தால் அதுவும் காக்கப்பட்டிருக்கும்; வெளிக்கணினி திறந்து கிடந்தால் அதுவும் திறந்தே கிடக்கும். வீட்டு முன்கதவைத் திறந்துவிட்டு உள்ளறைப் பெட்டிக்குப் பூட்டிட்டு என்ன பயன்?

இறுதியாக, உண்மைக் கணினியைப் பற்றி ஒரு சொல். உட்கணினிக்குச் சொன்ன நோயறியும் முறை அதற்கும் பொருந்தும். பல கணினிகளிலே பாதுகாப்புச் சிப் தனியாக இல்லாவிட்டாலும், அதன் வேலையைப் புரோசசரே செய்யும் வசதி உண்டு. இன்ரெல் நிறுவனத்தார் அதனைப் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. நிறுவனத்தார் எஃப்.டி.பி.எம். என்றும் அழைப்பர். தொடக்க அமைப்புகளிலே அது மூடிக் கிடக்கக்கூடும். திறந்துவிட்டால், ‘இயங்காது’ என்ற கணினியே இயங்கும். ஆனால் விண்டோஸ் 11 பெரும்பாலும் இன்ரெலின் எட்டாந் தலைமுறைக்கும் அதன் பிந்தியவற்றுக்குமே, ஏ.எம்.டி.யிலும் அக்காலத்தவற்றுக்குமே உரிமை தருகின்றது. ஆகவே 2017ஆம் ஆண்டுக்கு முற்பட்ட கணினிகளுள் பல, சிப்பைத் திறந்தும் தகுதி பெறா.

அவற்றை என் செய்வது? 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவடைந்தது. 2022ஆம் ஆண்டில் டொலருக்குச் சுமார் 200 ரூபாவாக இருந்த நம் நாணயத்தின் பெறுமதி சில மாதங்களுக்குள் 360 ரூபா என்னும் அளவுக்குச் சரிந்தது. இறக்குமதியாகும் கணினியின் விலை அதனோடு ஏறியது. கொழுந்து பறித்து நாட்கூலி பெறும் தாயொருத்தி தன் பிள்ளைக்குப் புதுக் கணினி வாங்குவதென்பது எளிதான செயலன்று. அந்நிலையில், இயந்திரம் நன்றாக இருக்கும் ஒரு கணினியை ஒரு சிப் இல்லை என்பதற்காகக் குப்பையில் எறிவது தகுமா? உபுண்டு முதலிய லினக்ஸ் பணிசெயல் முறைமைகள் இச்சிப்பைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. அவற்றுக்குத் திருத்தங்களும் விலையின்றியே வருகின்றன. தமிழிலே எழுதலாம், கணக்குப் பார்க்கலாம், இணையத்திலே பயிலலாம். நினைவகம் போதுமானால், அதன்மேல் உட்கணினி அமைத்து விண்டோஸையும் பழகலாம். தொழிலுக்கு விண்டோஸ் வேண்டும், பாதுகாப்புக்குத் திருத்தம் பெறும் முறைமை வேண்டும் என்னும் இரண்டு தேவைகளையும் ஒரே பழைய கணினியில் இவ்வாறு நிறைவுசெய்யலாம்.

நேயர்களே, கருவி ஒன்று ‘இயலாது’ என்று சொல்லும்போது அது தீர்ப்பன்று. ஒரு செய்தி மாத்திரமே. ஏன் இயலாது என்று திருப்பிக் கேட்பவனுக்கே தொழில் கைகூடும். கேட்கும் வழியை அறிந்த ஒரு மாணவன் ஒரு பாடசாலையில் இருந்தால், அப்பாடசாலையின் பழைய கணினிகள் இன்னும் சில ஆண்டுகள் பயன்படும். அவனிடம் கற்றுக்கொள்ளும் இன்னொருவன் நாளை நகரத்திலே கணினித் தொழிலொன்றைத் தேடிக்கொள்வான். கோப்பைச் சரிபார்த்தல், திறனைத் திறத்தல், பங்கை அளத்தல், தொடக்க முறையைத் தெரிதல், சிப்பைப் பொருத்தல், விசையைத் தட்டல் என்னும் இவ்வாறு படிகளையும் ஒரு தாளிலே எழுதிக் கணினியறையின் சுவரில் ஒட்டிவையுங்கள். ஏழாவதாக, மீட்புத் திறவுகோலைக் குறித்துவைத்தல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.